வெர்னாவின் வைரப் புரோச்

"திருட்டு வேற, வீடு புகுந்து திருடறது வேற. முதல்ல அதைப் புரிஞ்சுக்கோங்க" என்று கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள் லூசில்.

பக்கத்தில் அவள் புருஷன் மெர்ல். இண்டியானாவின் அந்தச் சின்ன ஊருக்கு ஒரே நகைக்கடைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் புரிந்துகொண்டுதான் இருக்கிறார்.

"திருடணும்னே உள்ள நுழைஞ்சாத்தான் அந்தப் பெரிய கேஸு. இவ கையில சாவி இருந்துச்சாம், வேலைக்குன்னு வெர்னாவே குடுத்த சாவியாம். அதனால வெறும் திருட்டுதானாம். நல்லா இருக்கு போங்க உங்க சட்டம்!"

ஏதோ சட்டத்தை மெர்ல்தான் எழுதிய மாதிரி முறைத்தாள்.

'இவ' என்றது கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த கிரிஸ்டாவை. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த வெர்னாவைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட வந்தவள். ஒரு மாதம் முன்பு, கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சமைத்த பாத்திரத்தோடு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தாள் லூசில். வேலை முடிந்து கிளம்பிய கிரிஸ்டா கோட்டுப் பையிலிருந்து கார் சாவியை எடுக்க, கூடவே, சட்டையில் குத்திக்கொள்ளும் நகையான வெர்னாவின் புரோச்சும் தரையில் விழுந்தது.

"விடு லூசில், நான் பேசிக்கிறேன்" என்று வெர்னா சொல்லி முடிப்பதற்குள் லூசில் போலீசுக்குப் போன் போட்டாகிவிட்டது.

"வாடகை ரெண்டு மாசம் பாக்கி. காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்று அன்றைக்கே அழுது ஒப்புக்கொண்டாள் கிரிஸ்டா. போலீஸ் புரோச்சைப் போட்டோ எடுத்துக்கொண்டு வெர்னாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

"இப்ப எல்லாமே விலையிலதான் இருக்கு" என்றாள் லூசில். இத்தனை நாளும் போனில் சட்டமாகப் படித்துத் தள்ளியவள். "எழுநூத்தம்பது டாலருக்குக் கீழேன்னா சின்னக் குத்தம், எச்சரிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மேலன்னா பெரிய குத்தம். ரெண்டரை வருஷம் வரைக்கும் உள்ள!"

"அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களே. யார் பார்த்துப்பா?"

"அரசாங்கம் எங்கயாச்சும் சேர்த்துவிடும். திருடறப்போ அந்த நெனப்பு இருந்திருக்கணும். அந்தப் புரோச் ஐயாயிரம் தேறும். வைரமாச்சே!"

"இருபத்திரண்டு வருஷமா அதைக் கண்ணாடின்னு சொன்னது நீதானே?"

"அது சர்ச்சுல சொன்னது. இது கோர்ட்டு."



வெர்னா ஒவ்வொரு ஞாயிறும் அதைக் குத்திக்கொண்டுதான் சர்ச்சுக்கு வருவாள். பாட்டி வியன்னாவிலிருந்து கொண்டுவந்தது, ஒன்பது வைரம் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லுவாள். அவள் நகர்ந்ததும் லூசில் கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

வெர்னாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள்.

"சொந்தக்காரியே வாயால விலை சொன்னாப் போதும், கோர்ட் ஏத்துக்கும்" என்று லூசில் கிசுகிசுத்தாள்.

அரசு வக்கீல் கேட்டார். "இந்தப் புரோச்சின் மதிப்பு என்னம்மா?"

"இருபது டாலர்."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "பாட்டி கொடுத்த வைரம் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்களே?"

"பெருமைக்குச் சொன்னேங்க. தள்ளுபடியில வாங்கினது. வெறும் கண்ணாடி."

பின் வரிசையில் யாரோ 'களுக்' என்று சிரிக்க, அது கூடம் முழுக்கப் பரவியது. நீதிபதியே உதட்டைக் கடித்துக்கொண்டார். வெர்னாவின் முகம் காதுவரை சிவந்துபோனது.

சின்னக் குற்றம்தான் என்று தீர்ப்பாயிற்று. ஒரு வருஷம் கண்காணிப்பு. இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கிரிஸ்டா முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

லூசிலுக்கு அவள் தப்பித்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. அதைவிடப் பெரிய புதையல் அல்லவா கிடைத்திருக்கிறது! வராந்தாவில் வெர்னாவை வழிமறித்தாள்.

"ஏண்டி வெர்னா, வியன்னா என்னாச்சு?"

"வியன்னா அங்கேயேதான் இருக்கு."

"இனிமே இந்தத் திருடிய வீட்டுக்குள்ள விடுவியா என்ன?"

"பின்ன, நாளைக்கு என்னை யார் குளிப்பாட்டறது? நீ வர்றியா?"

காரில் ஏறியதுமே சர்ச்சுப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் போனில் கூப்பிட்டாள் லூசில். "கண்ணாடியாம்டி! இருபது டாலராம்டி! நான் அன்னிக்கே சொல்லல?"

போனை வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அந்தப் புரோச்சை உங்க கடையில சோதிச்சு, கண்ணாடிதான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. சர்ச் பலகையில ஒட்டணும்."

"எழுத முடியாது."

"ஏனாம்?"

"வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி அந்தக் கல்லுங்களை இறுக்கிக் குடுக்கிறவனே நான்தான். ஒன்பதும் அசல் வைரம்."

"அப்போ... அவ இத்தனை வருஷமா..."

"உண்மையைத்தான் சொன்னா, உங்கள்ல ஒருத்தியும் நம்பல" என்றார் மெர்ல். "இன்னிக்குச் சத்தியம் பண்ணிட்டு ஒரே ஒரு பொய் சொன்னா. ஊரே நம்பிடுச்சு."