ஆறாம் கேமரா

திமிர் என்றால் அந்தப் பாடகருக்குத்தான் திமிர். பத்தாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். சரணத்துக்கு முன்னால் மொத்த இசையும் சட்டென்று நிற்கும். அந்த நேரம் பார்த்து மனிதர் திரும்பி, அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டி நிற்பார். நான்கே நொடி. பிறகு டிரம்ஸ் இடி மாதிரி இறங்க, சுழன்று திரும்பிப் பாடுவார். கூட்டத்துக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

கறுப்புக் கண்ணாடியும் அந்த முதுகும்தான் அவர் அடையாளம். போஸ்டரில் முதுகு, பனியனில் முதுகு. ரசிகர்கள் வைத்த பெயரே ‘முதுகு ராஜா’.

“காசு குடுத்து வந்தவனுக்கு முதுகைக் காட்டுறான். அதையும் கொண்டாடுதுங்க பாரு” என்று டி.வி. டைரக்டர் வயிறெரிவார். பட்டனுக்கும் அதே எண்ணம்தான்.

பட்டன் என்பது அவளுக்கு ஸ்டூடியோவில் வைத்த பெயர். எந்தக் கேமராவின் படம் வீட்டு டி.வி.க்குப் போக வேண்டும் என்று பட்டனைத் தட்டி அனுப்புகிற வேலை. மூன்று வருடமாக வானிலை அறிக்கைக்குத் தட்டித் தட்டி விரல் மரத்துப்போயிருந்தது. இன்றுதான் முதன்முதலாக நேரடி இசை நிகழ்ச்சி.  

அவளே ஒரு யோசனையும் சொல்லியிருந்தாள். அந்த நான்கு நொடியில் முதுகு ராஜாவின் முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை ஒரு ஈ காக்கைகூடப் பார்த்ததில்லை. டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பின்னால் விரலளவு கேமரா ஒன்றைச் செருகிவிட்டால்?

டைரக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் ஆறாம் கேமரா உள்ளே போனது.

“இந்த ஷாட் மட்டும் கிடைச்சுதுன்னா, இனிமே லைவ் ஷோ எல்லாம் உன்னுதுதான்” என்றார்.

கடைசி நேரத்தில் செருகியது என்பதால் அதன் படம் பட்டனுக்கு முன்னால் இருந்த சின்ன மானிட்டரில் மட்டும்தான் வரும்.

நிகழ்ச்சி தொடங்கியது. விளக்கு, புகை, வெடி என்று மேடை அமர்க்களப்பட்டது. அவள் விரல் பறந்தது. ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து. இத்தனை நாள் இந்தச் சந்தோஷம் எங்கே போயிருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் சரணம். இசை நின்றது. பாடகர் திரும்பினார்.

“ஆறு” என்றார் டைரக்டர்.

அவள் சின்ன மானிட்டரைப் பார்த்தாள். விரல் பட்டன்மேல் அப்படியே நின்றுவிட்டது. நான்கு நொடி கடந்தது.

“என்னம்மா, தூங்குறியா? ஆறு எங்க?”

“ஃபோகஸ் சரியில்ல சார்.”

இரண்டாவது சரணத்திலும் ஆறு போகவில்லை. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, போட்டே ஆகவேண்டும் என்று டைரக்டர் மேசையைக் குத்தினார். நாளையிலிருந்து மறுபடியும் மேகமூட்டம்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அழுகைகூட வந்தது. ஆனாலும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னால முடியாது சார்.”

டைரக்டர் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார். “நகரு. நானே போடுறேன்.”

மூன்றாவது சரணம். ஆறாம் பட்டனில் விரலை வைத்தபடி டைரக்டர் சின்ன மானிட்டரைக் குனிந்து பார்த்தார்.

கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாடகர் வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று... இரண்டு... குழந்தைக்கு ஊட்டும்போது அம்மாவும் சேர்ந்து வாயைத் திறப்பாளே, அந்த மாதிரி. டிரம்ஸ்காரரின் தலை அந்த உதட்டையே பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று என்கிறபோது மேடை ஓரத்தில் வெடி வெடித்தது. கிடார்காரர் துள்ளியே விட்டார். வெடிக்கு இன்னும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரம்ஸ்காரரின் தோள் துளி அசையவில்லை. நான்கு என்று உதடு மூடியதும் குச்சிகள் கச்சிதமாக இறங்கின. பாட்டின் மிச்சத்தை இருவரும் இருபது வருடம் சேர்ந்து வாசித்த பழக்கம் பார்த்துக்கொண்டது.

டைரக்டரின் விரல் பட்டனை அழுத்தவில்லை.

“அந்த டிரம்ஸ்காரருக்குக் காது...”

“கேக்கல சார்” என்றாள். “மூணு தடவையும் அப்படித்தான். இது வெளிய போச்சுன்னா, நாளைக்கு அவருக்கு யாரு சார் வேலை குடுப்பாங்க?”

டைரக்டர் குனிந்தார். மேசைக்கு அடியில் கையைவிட்டு ஆறாம் கேமராவின் வயரைப் பிடுங்கினார். சின்ன மானிட்டர் இருண்டது. தன் நாற்காலிக்குப் போய், கீழே கிடந்த ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கடைசிச் சரணம் நெருங்கியது. இசை நின்றது. பாடகர் திரும்பினார்.

“ரெண்டாம் கேமரா, முதுகுக்குப் போ. இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட...” டைரக்டர் மைக்கில் சொன்னார். “பட்டன், அதையே போடும்மா. பார்க்கிறவனுக்குத் திமிரு சொட்டணும்.”