இருமல் இல்லாத பாட்டு

"எவனோ இருமித் தொலைச்சிருக்கான் ஆன்ட்டி. பாட்டையே கெடுத்துட்டான்" என்றாள் ப்ளெஸ்ஸி.

தேவசுந்தரியின் முகம் சுருங்கியது. பாட்டு கெட்ட வருத்தம் போலும் என்று ப்ளெஸ்ஸி நினைத்துக்கொண்டாள்.

ஆடிக்கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் இடிபட்டு, திருத்தணி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தாள். பல்கலைக்கழகப் பாடகர் குழுவுக்குப் பொன்விழா. அதன் வரலாற்றைத் தொகுப்பது அவள் பொறுப்பு. அதற்காகத்தான் போன மாதம் தேவசுந்தரி அந்தப் பழைய கச்சேரிக் கேசட்டை அரைமனதோடு கொடுத்திருந்தார்.

"கேசட் எங்கமா?"

"ஸ்டுடியோவுல ஒரு தடவ ஓடினதுமே நாடா பொடிஞ்சுபோச்சு ஆன்ட்டி. ஆனா பாட்டைக் காப்பாத்திட்டோம்."

அதைக் கேட்ட பிறகுதான் தேவசுந்தரிக்கு மூச்சு வந்தது. "தெனமும் கேட்டுகினே இருப்பேன். முழுசா இல்ல, நடுவுல கொஞ்சம். அதையே திருப்பித் திருப்பிப் போடுவேன்."

சுவரில் அந்தக் கச்சேரியின் புகைப்படம். பின்வரிசை ஓரத்தில் அவர் மகன் டேவிட்சன், மே மாதத்திலும் கழுத்தில் மப்ளரோடு. அடுத்த வாரமே காய்ச்சலில் போய்விட்டான்.

"அண்ணன் குரல் வேற எதுலயாவது இருக்கா ஆன்ட்டி?"

"இல்லமா. அப்ப ஏது செல்போனு?"

பேச்சை மாற்ற நினைத்தாள் ப்ளெஸ்ஸி. "எங்க குழுவுல இன்னிக்கும் ஒரு சட்டம் ஆன்ட்டி. தொண்ட கட்டிக்கினாலும் வரிசையில இடம் காலியா விடக்கூடாது, நின்னு வாயாவது அசைக்கணும். அதையும் வரலாற்றுல எழுதிட்டேன்."

"ஆங், தெரியும்" என்றார் தேவசுந்தரி, படத்தைப் பார்த்தபடி.

ப்ளெஸ்ஸி செல்போனில் பாட்டைப் போட்டாள். நாலு வகைக் குரலும் சேர்ந்து ஏறி, இறங்கி, நடுவில் சட்டென்று ஓர் அமைதி வந்தது. தேவசுந்தரி கண்ணை மூடி, செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. அவர் கண்ணைத் திறந்தார்.

"எங்கமா அது?"

"எது ஆன்ட்டி?"

"அந்த இருமலு."

நல்ல காரியம் செய்தவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எடுத்துட்டோம் ஆன்ட்டி! ஸ்டுடியோவுலயே உக்காந்து சுத்தம் பண்ணோம். இருமல் இருந்த பழைய பதிவையும் அழிச்சாச்சு. இனிமே யார் தேடினாலும் கிடைக்காது."

தேவசுந்தரியின் விரல் படத்திலிருந்த மப்ளரைத் தடவியது.

"என் புள்ள அன்னிக்குப் பாடவே இல்லமா... இருமினான்."