நிமிஷத்துக்கு ஒரு மிதி

"ஏங்க, நீங்க கட்டிக்கிட்டது என்னையா, உங்க ரயிலையா? தூங்குறப்பகூட மிதிக்கிறீங்களே!"

"மிதிக்கலேன்னா வண்டி நின்னுடும்டி. அப்புறம் நீதான் வந்து தள்ளணும்."

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு அது. இரவெல்லாம் ரயில் ஓட்டிவிட்டு வந்து, பகலில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான் அவள் கணவன். வலது கால் மட்டும் தூங்காது. நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் கெண்டைக்காலில் ஒரு மிதி விழும்.

சிரித்துக்கொண்டே நடுவில் ஒரு தலையணையைப் போட்டுக்கொள்வாள்.

பணிமனைக்குக் குடும்பங்களை அழைத்திருந்த நாளில், டிரைவரின் காலடியில் இருக்கும் மிதிகட்டையை வடிவமைத்த பொறியாளரே எஞ்சினுக்குள் ஏற்றிக் காட்டினார். டிரைவர் நிமிஷத்துக்கு ஒருமுறை இதை மிதிக்க வேண்டும். தவறினால் பிரேக் தானாக விழும்.

"தூங்குற மனுஷனால மிதிக்க முடியாதும்மா. நீங்க வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

இவர் தூக்கத்திலேயே மிதிக்கிறாரே என்று அவள் கேட்க வந்தாள். வாயைத் திறப்பதற்குள் கணவன் முழங்கையால் இடித்தான். வெளியே தெரிந்தால் எஞ்சினைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு.

கேட்காமலே அவன் பின்னால் எஞ்சினைவிட்டு இறங்கினாள்.

அன்றிலிருந்து அவள் நடுவில் தலையணை போடவில்லை. அவன் தூங்கும்போதெல்லாம் அந்த மிதிக்காகக் காத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

இப்போது அதே பொறியாளர் மருத்துவமனைக் கட்டிலருகே நின்றார், விசாரணைக்கு வந்தவராக. சிவப்பு விளக்கைத் தாண்டிய அவனுடைய ரயில், முன்னால் நின்ற ரயிலின் கடைசிப் பெட்டியை நொறுக்கியிருந்தது. அந்தப் பெட்டியில் போனவர்களின் உறவுகள் கீழே வாசலில் கத்துவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அறைக் கதவுக்கு வெளியே இரண்டு போலீஸ்காரர்கள், அவன் கண் விழிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"மோதுற வரைக்கும் கட்டை தவறாம மிதிபட்டிருக்கும்மா. முழிச்சுட்டுதான் இருந்திருக்கார். தெரிஞ்சே தாண்டினார்னுதான் நான் சொல்லியாகணும்."

அவர் குரலில் வருத்தம் இருந்தது. சந்தேகம் இல்லை.

வலிக்குப் போட்ட ஊசியில் கணவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகப் படிந்து கிடந்தது.

அதற்கு மேலே, தொடை மெல்ல எழும்பியது. ஒருமுறை அழுந்தி அடங்கியது.

பொறியாளர் அதைப் பார்க்கவில்லை. கிளம்புவதற்காகத் திரும்பிவிட்டிருந்தார்.

அவள் நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

"சார், கொஞ்ச நேரம் இப்படி உட்காருங்க. இவர் தூங்குறதப் பாருங்க."