கோழிக்கு வைத்த தண்ணீர்

கோழிக் கொட்டகைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கிணற்று நீரை நிரப்பி, அளவாகக் குளோரின் கலந்துவிட்டு வீட்டுக்குள் வந்தவர், பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அண்ணாந்து குடித்தார்.

“தேன் கெட்டுது போ. மருந்து வாடை இல்லாத தண்ணி குடிக்கக் கோழிங்களுக்குக் கொடுத்து வைக்கலையே” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த மாதம் அந்த மனைவி கால்நடை மருத்துவர் எதிரில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் சோதனைக்குக் கொடுத்திருந்த இரண்டு பாட்டில்களும் மேசைமேல் இருந்தன.

“பச்சை மூடி சுத்தம். வெள்ளை மூடியில கொள்ளை கொள்ளையா கிருமிம்மா.”

“ரெண்டும் ஒரே கிணத்துத் தண்ணிதான் சார்.”

“மழைக்குக் கோழி எச்சம் ஊறிக் கிணத்துல இறங்கியிருக்கு. பச்சை மூடியில மருந்து போட்டதால தப்பிச்சுது. பேதியாச்சா?”

“நிக்கவே இல்ல சார்.”

“எத்தனை போச்சு?”

“ஒரு உயிர்.”

“ஒண்ணோட போச்சேன்னு மனசைத் தேத்திக்குங்க. பண்ணைன்னா நாலு போகும், நாலு வரும். கோழிக்கு மருந்து போட்ட தண்ணியையே வைக்கச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை.”

அவள் பச்சை மூடி பாட்டிலை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கோழிக்கு இதைத்தான் வெச்சாரு சார். வெள்ளை மூடி எங்க வீட்டுப் பானைத் தண்ணி. அதைக் குடிச்சுத்தான் அவர் போய்ச் சேர்ந்துட்டாரு.”



வீடு திரும்பியதும் அவள் முதலில் பானையைக் கவிழ்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய், கணவர் கலந்த அதே அளவில் தொட்டியில் மருந்து கலந்தாள்.

அன்றும் ஒரு கோழிக்குக்கூட நோய் இல்லை.