கிளிப்பச்சையில் இரண்டு ஜோடி

"அதைக் கழட்டி வச்சுட்டு வந்து நில்லும்மா. ஒரு நிமிஷ வேலை!" என்றாள் நாத்தனார்.

ஸ்டுடியோவில் குடும்பம் மொத்தமும் கூடியிருந்தது. நாத்தனாரின் புது வீட்டு முன்னறையில் மாட்ட ஒரு பெரிய குடும்பப் படம் வேண்டுமாம். சுவரின் நிறத்துக்குப் பொருத்தமாக எல்லோரும் வெளிர் நீலத்தில்தான் வர வேண்டும் என்று உத்தரவும் போட்டிருந்தாள். தம்பி மனைவியும் வெளிர் நீலத்தில்தான் வந்திருந்தாள். ஆனால் காதுகளுக்குப் பின்னால் பளிச்சென்று கிளிப்பச்சையில் ஒரு ஜோடி காது மிஷின். போதாததற்கு, அது நன்றாகத் தெரியும்படி முடியை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள்.

"கழட்ட மாட்டேன் அண்ணி."

"சரி, முடியையாவது அவிழ்த்து விடு. மறைஞ்சுடும்."

"மறைக்கவும் மாட்டேன். மாமா கண்ணாடி போட்டிருக்கார். அவரை யாராவது கழட்டச் சொன்னீங்களா?"

மாமனார் அவசரமாகத் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"போட்டோ எடுக்கறதுக்கு எதுக்கும்மா காது கேக்கணும்?"

"போட்டோக்காரர் சிரிங்கன்னு சொன்னா கேக்க வேண்டாமா அண்ணி?"

அவளை ஒட்டி அவள் மகள் நின்றிருந்தாள். இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிற வயது. அந்தச் சின்னக் காதுகளிலும் அதே கிளிப்பச்சை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். அத்தை 'கழட்டு' என்று சொன்னதிலிருந்து குழந்தையின் கை காதருகே போய் நின்றுவிட்டது. கண் மட்டும் அம்மாவின் மேல் இருந்தது. அம்மா கழட்டினால் அடுத்த நொடி அதுவும் கழன்றுவிடும்.

கழன்றால் மறுபடி ஏறாது என்று அம்மாவுக்குத் தெரியும். வந்த புதிதில் அரிக்குது, குத்துது, ஒரேயடியா கத்துது என்று பிய்த்துப் பிய்த்து எறிந்த குழந்தை அது. ஒருமுறை ஷூவுக்குள்ளிருந்து எடுத்தார்கள், ஒருமுறை அழுக்குத் துணிக் கூடையிலிருந்து, ஒருமுறை பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து. அம்மா காதிலும் ஒரு ஜோடி வந்த பிறகுதான் வழிக்கு வந்தாள். இப்போது தினமும் காலையில் இருவரும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மாட்டிவிடுவார்கள். "கேக்குதாம்மா?" என்று மகள் பெரிய டாக்டர் மாதிரி விசாரிப்பாள். "கேக்குதுடி, கொஞ்சம் அரிக்குது" என்பாள் அம்மா. "போகப் போகச் சரியாயிடும்" என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட வருவாள் மகள்.

"ஏண்டா, நீயாவது வாயைத் திறக்க மாட்டியா?" நாத்தனார் தம்பியிடம் பாய்ந்தாள்.

அவன் மேலே தொங்கிய விளக்கை ஆராய்ந்தபடி, "அவ காது, அவ இஷ்டம் அக்கா" என்றான்.

போட்டோக்காரர் சமாதானக் கொடி பிடித்தார். "விடுங்க மேடம், கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாம். இருந்த இடமே தெரியாது."

"அழிக்கறதுன்னா என்னையும் சேர்த்து அழிச்சுடுங்க சார். என் பொண்ணையும். அந்த இடத்துல ரெண்டு பூத்தொட்டி வச்சுக்கட்டும்."

போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நாத்தனார் விடவில்லை. அவர் பின்னாலேயே போய்ச் சுவர் ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்தி ஆற்றாமையைக் கொட்டினாள்.

"குழந்தைக்கு இந்தக் குறை எங்கேருந்து வந்துச்சுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டோம் சார். அடுத்த வாரமே தாய்க்காரியும் மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா! எல்லாம் அவ வழியில வந்த சீதனம். எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கிடையாது."

"வம்சத்தை அப்புறம் அலசலாம் அண்ணி, வந்து நில்லுங்க. லைட் போட்டாச்சு" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது.

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சையா இருந்தாலும் நல்ல மிஷின்தான்" என்று முணுமுணுத்தபடி தன் இடத்துக்குப் போனாள்.

"அம்மா, கழட்டணுமா?" மகள் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குக் கழட்டணும்? நம்ம காது, நம்ம மிஷின். நல்லாத் தெரியற மாதிரி கொஞ்சம் திரும்பி நில்லு."

சின்னக் கை காதைவிட்டு இறங்கியது. இறங்குகிற வழியில், மறைத்துக்கொண்டிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியும் விட்டது. போட்டோக்காரர் "சிரிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் குழந்தை முப்பத்திரண்டு பல்லும் இருக்கிற மாதிரி சிரித்தாள்.

படம் எடுத்து முடிந்ததும் அம்மா உடை மாற்றும் அறைக்குள் போனாள். மகள் வெளியே அப்பாவோடு கேமராவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பையை எடுக்க நாத்தனாரும் உள்ளே வந்த நேரம், தலைவழியே கழட்டிய சட்டையில் சிக்கி ஒரு மிஷின் தரையில் விழுந்து ஓடியது.

"ஐயோ, உடைஞ்சு கிடைஞ்சு போச்சா?" கோபத்தை மறந்து நாத்தனாரே குனிந்து எடுத்தாள். பேட்டரி பத்திரமாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்தவள், விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது! பேட்டரி இல்ல, ஒயர் இல்ல, உள்ள ஒண்ணுமே இல்லையே! வெறும் கூடு! அப்போ உன் காது..."

தம்பி மனைவி கதவிடுக்கு வழியாக வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கையை நீட்டி அதை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணி. அவளுக்கு இப்பல்லாம் நல்லாக் காது கேக்குது."