கவலைப் பட்டை

வீட்டுக்கு ஒரு கவலைப் பட்டை உண்டு. யாராவது ஒருவர் கையில் கட்டிக்கொண்டால் போதும், மற்றவர்களுக்குக் கவலையே வராது. கல்யாணமான நாளிலிருந்து அது கோமளவல்லியின் கையில்தான். "எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோ" என்று கணவர் குணசீலன் தினமும் புத்தி சொல்வார்.

அண்ணன் மகள் கல்யாணத்தன்று அவள் பட்டையைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் அவர் கேட்டார், "கேஸை மூடினியா?"

"மூடியிருப்பேன்."

"கதவு?"

"யாராவது பூட்டியிருப்பாங்க."

அவர் வீட்டுக்கு ஓடினார். அவள் பஸ் ஏறிப்போய் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். குடையும் மாத்திரை டப்பாவுமாக அவர் வியர்த்து வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தி. ரசம் மட்டும்தான் மிச்சம்.

"இப்படித்தான் ஆகும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

கோமளவல்லி வெற்றிலையை மடித்தாள்.

"எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோங்க."