கயிறு பிடிப்பவர்

பூசாரியின் கத்தி மேலே எழுந்ததும் அவள் அவனை உதைத்துத் தள்ளிவிட்டு ஓட வேண்டும். ஆறு எட்டு வைக்க வேண்டும். பிறகு விளிம்பு.

பிறகு குதிக்க வேண்டும்.

நாற்பது அடி.

கீழே பழங்கால மெக்சிகோவின் மாயர் நகரமே அண்ணாந்து நின்றது. உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிய இருநூறு துணை நடிகர்கள். சிலர் கையில் ஈட்டி, சிலர் கையில் டீ. செங்கல்பட்டுப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குள் பிளைவுட்டில் எழுப்பிய பிரமிடு அது. வெயிலில் பெயின்ட் வாசனை ஏறிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து வெட்டுப்பட்ட தலைகள் படிகளில் உருண்டபடி இருந்தன. முதல் தலை தெர்மாகோல். அது பந்து மாதிரி துள்ளிப் போனதில் பலியாக வேண்டியவர்களே சிரித்துவிட்டார்கள். அடுத்த தலைக்குள் மணல் அடைத்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கதாநாயகிக்கு டூப் அவள். முதல் ஜம்ப். சண்டைக் கலைஞர் சங்கத்தின் அட்டை கைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. இன்று சொதப்பினால், பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கப் பெரிய வரிசையே காத்திருந்தது.

பயமில்லை என்றால் பொய். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. உள்ளங்கால் குறுகுறுத்தது.

இடுப்புப் பட்டையிலிருந்து கயிறு கிரேனுக்கு ஏறி, கப்பியில் திரும்பி, கீழே மூன்று பேர் கைக்கு இறங்கியது. அவள் விழ விழக் கயிற்றை விட்டுக்கொண்டே வந்து, தரைக்கு ஆளுயரம் இருக்கும்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். முதல் ஆள் துரைக்கண்ணு அண்ணன். மற்ற இருவரும் அவர் பிடித்தால்தான் பிடிப்பார்கள்.

இருபத்திரண்டு வருடம் கதாநாயகிகளுக்காகக் குதித்தவர் அவர்தான். மீசையை மழித்து, விக் வைத்து, புடவை கட்டி, மொட்டைமாடியிலிருந்தும் ஓடும் ரயிலிலிருந்தும் குதித்தார். அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

முட்டி இரண்டும் ஒன்றாக மடங்கும். குதிகால் லேசாக எழும்பும். அடுத்த நொடி ஆள் அந்தரத்தில்.

இந்த ஜம்ப்பும் முதலில் அவருக்குத்தான் பேசப்பட்டது. பெண் இருக்கும்போது ஆண் எதற்கு என்று இயக்குநர் கேட்டுவிட்டார்.

துரைக்கண்ணு அண்ணன் பிரமிடின் மேலே ஏறி வந்தார். விக்கை அவரே அவள் தலையில் வைத்து ஊசி குத்தினார். இடுப்பு முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். புதிதாக முளைக்கத் தொடங்கியிருந்த மீசையைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

ஆக்‌ஷன்.

முரசு அதிர்ந்தது. கத்தி எழுந்தது. உதைத்தாள். பூசாரியின் இறகுக் கிரீடம் ஒரு பக்கம் போயிற்று, பூசாரி ஒரு பக்கம். ஓடினாள். இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஐந்து. ஆறு.

விளிம்பில் ஒரு கணம் கீழே பார்த்தாள்.

துரைக்கண்ணு அண்ணனின் முட்டி இரண்டும் ஒன்றாக மடங்கின.

குதிகால் எழும்பியது.

அவர் குதித்தார்.

நின்ற இடத்திலேயே, ஒரு சாண் உயரம். கையில் கயிறு இருப்பதை உடம்பு மறந்துவிட்டிருந்தது.

அதற்குள் அவளும் குதித்திருந்தாள்.

காற்று. படிகள். நீல முகங்கள். இடுப்பில் பிடிப்பே இல்லை. கத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சொல்லாவிட்டாலும் கத்தியிருப்பாள்.

வெடுக்கென்று இடுப்பு இழுபட்டது.

மூக்குக்கும் கடைசிப் படிக்கும் நடுவே ஒரு கையகலம். படியில் ஊற்றியிருந்த சர்க்கரைப்பாகு ரத்தத்தில் எறும்புகள் ஊர்வது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு எறும்பு, ஒரு சோற்றுப் பருக்கை.

குவாரி முழுக்க விசில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை.

சண்டை மாஸ்டர் ஓடி வந்தார். "இவ்ளோ கீழ எப்படி வந்த? யார்யா கயித்த விட்டது?"

துரைக்கண்ணு அண்ணன் அசையாமல் நின்றார். கயிறு ஓடிய ஓட்டத்தில் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் மாஸ்டர். அவசரப்பட்டு முன்னாடியே குதிச்சிட்டேன்."

மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு நாள் அட்டையைப் பிடுங்கிவிடுவார் போலிருந்தது.

அதற்குள் இயக்குநர் மைக்கில் கேட்டார். இரண்டாவது கேமராவில் காட்சி சரியாக விழவில்லை. இன்னொரு தரம் வேண்டும்.

மாஸ்டர் அந்த உரிந்த கைகளைக் கவனித்தார். "கயித்துக்கு வேற ஆளப் போடறேன்."

"வேணாம் மாஸ்டர். அண்ணனே பிடிக்கட்டும்."

மறுபடி ஏறப் போகும் வழியில் அவரைக் கடந்தாள்.

உள்ளங்கைகளில் துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தார். கயிறு அவர் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பின்னால் இருவரும் நிற்க, அவர் மட்டும் புழுதியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களும் எதிரே இருந்த பாறையில் அழுந்தியிருந்தன.

அவள் நின்றாள்.

அவர் நிமிரவில்லை.

"நின்னா, கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதும்மா."

அவள் படியேறினாள். பூசாரியாக நடித்தவர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். உள்ளங்கால் மறுபடி குறுகுறுத்தது.

கத்தி எழுந்தது.

இந்தமுறை அவள் கீழே பார்க்கவில்லை.